ஒன்பதாம் வில்லை

எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு, ‘நம்மில் ஒருவர்’ என்ற பகுதியில் என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். போன வருடம் இதய டாக்டர். அதற்கு முந்தின வருடம் ராக்கெட் செய்கிற இடத்தில் ஏதோ பெரிய வேலையில் இருப்பவர். பெரிய மனிதர்கள் எல்லாம் தீர்ந்துபோய் இந்த வருடம் கேட் வாட்ச்மேன் வரைக்கும் வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. எழுதிக் கொடுத்தேன். ஊர், படிப்பு, உத்தியோகம் எல்லாம் அதில் இருக்கிறது. அதில் போட முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அவர் பெயர் சேனாபதி. பெயரைக் கேட்டு யாரும் பயந்துவிட வேண்டாம், வீட்டில் பல்லி விழுந்தால்கூட என்னைத்தான் கூப்பிடுவார். பல்லடத்துக்காரர், அறுபத்தேழு வயது. நான் புஷ்பவல்லி, அறுபத்து மூன்று. ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் சுகர்லேண்டில் இருபத்தைந்து வருடமாகக் குடியிருக்கிறோம். கம்ப்யூட்டரில்தான் வேலை பார்த்தார். அறுபத்திரண்டாவது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எட்டு மாதம் அப்ளிகேஷன் போட்டார். இன்டர்வியூவில் இவர் தலையைப் பார்த்ததும் எல்லோருக்கும் ரொம்ப மரியாதை வந்துவிடும். மரியாதையாகவே அனுப்பி வைத்துவிடுவார்கள்.

அப்புறம் கிடைத்ததுதான் இந்த கேட் வேலை. எங்கள் வீட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டும். ஆயிரத்து எண்ணூறு ஏக்கர், மேடும் பள்ளமும் காடும் ஓடையுமாக ஒரே ஆளுக்குச் சொந்தமான நிலம். ஓனர் பெயர் கிளின்ட். சனி, ஞாயிறு, லீவு நாட்களில் ஜனங்கள் ஜீப்பையும் மண்ணில் ஓட்டும் பைக்கையும் நாலு சக்கர பக்கியையும் டிரெய்லரில் கட்டிக்கொண்டு வருவார்கள். காசு கொடுத்து, ஒரு நாள் முழுக்கச் சேற்றில் புரண்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். நமக்கு ஓசியில் கிடைத்த சேறு இவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கிடைக்கிறது.

அந்தக் காட்டில் காட்டுப்பன்றிகள் ஏகப்பட்டது. வண்டித் தடங்களை எல்லாம் உழுது போட்டுவிடும். அதனால் திங்கள் முதல் வெள்ளி வரை வண்டிகளுக்கு விடுமுறை, வேட்டைக்காரர்களுக்கு அனுமதி. இங்கேதான் என் வீட்டுக்காரரின் உத்தியோகம் வருகிறது. வண்டி நாளில் துப்பாக்கி என்ற வஸ்து கேட்டுக்குள் நுழையக் கூடாது. லைசென்ஸ் இருந்தாலும் கூடாது, காரில் பூட்டி வைத்திருந்தாலும் கூடாது, குழந்தையின் விளையாட்டுத் துப்பாக்கியாக இருந்தாலும் கூடாது. வேட்டை நாளில் பன்னிரண்டு பேர், அதற்கு மேல் ஒருவர்கூட இல்லை. ஆரஞ்சு நிறச் சட்டை போடாமல் உள்ளே விடக் கூடாது. வண்டியில் உட்கார்ந்தபடியோ தடத்துக்குக் குறுக்கேயோ சுடக் கூடாது. கேட்டுக்கு வருமுன் தோட்டாவைக் கழற்றிக் காட்ட வேண்டும். சாப்பாட்டு மேஜையில் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி. கேபினுக்குள் ஒரு பலகை, அதில் பன்னிரண்டு ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் நம்பர் அடித்த பித்தளை வில்லை. உள்ளே போகிற வேட்டைக்காரர் தன் கையால் வில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெளியே வரும்போது தன் கையாலேயே திரும்ப மாட்ட வேண்டும். மாட்டினால்தான் ரிஜிஸ்டரில் அவர் வெளியே போன நேரத்தை எழுதலாம். பன்னிரண்டும் பலகையில் இல்லாமல் சனிக்கிழமை காலை வண்டிகளுக்குக் கேட் திறக்கக் கூடாது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை, உள்ளே ஒரு ஆள் பாக்கி இருப்பது தெரியாமல் கேட்டைத் திறந்துவிட்டார்களாம். ஒரு குண்டு ஜீப்பின் கதவைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த ஜீப்பில் இருந்த பெண் அந்த நேரம் பார்த்துக் கீழே இறங்கியிருந்தாள். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த வில்லை.

இந்த வயதில் இவர் ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்பீர்கள். என்னால்தான். எனக்கு முடக்குவாதம். விரல்கள் காலையில் மடங்காது, மடங்கினால் நிமிராது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, அதன் விலையைச் சொன்னால் உங்களுக்கும் வியாதி வந்துவிடும். அறுபத்தைந்து வயதுக்கு மேல் அரசாங்க இன்ஷூரன்ஸ் உண்டு. அவருக்கு வந்துவிட்டது. எனக்கு வர இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. கிளின்டுக்கு ஜல்லி குவாரி ஒன்று இருக்கிறது, அங்கே இருப்பவர்களோடு சேர்த்து இவருக்கும் குடும்ப இன்ஷூரன்ஸ் கொடுக்கிறார். வேலை போனால் ஊசி போனது. அவ்வளவுதான் கணக்கு.

காலை ஐந்து மணிக்குப் புறப்படுவார். வாரத்தில் ஆறு நாள். சாயங்காலம் வந்ததும் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றுவார். இன்னொரு ஷூவைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்திருப்பார். ‘காபி?’ என்றால் தலையை ஆட்டுவார். ‘என்ன ஆச்சு?’ என்றால் ‘ஒண்ணுமில்ல’ என்பார். நான் அதையே உடம்பு நல்லாயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

போன ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. ஆறேகாலோடு நல்ல நேரம் முடிகிறது என்று மளிகைக் கடைக் காலண்டரில் போட்டிருந்தது. அது இந்திய நேரம் என்று அவர் வருடா வருடம் சொல்வார், நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. மூன்று மணியிலிருந்து போன் மேல் போன்.

“ஏனுங்க, இன்னும் பொறப்படலீங்களா? ஆறு மணிக்குள்ள பூசை பண்ணோணும்.”

“ஒரு ஆள் உள்ள இருக்கறான் புள்ள. வந்ததும் வந்தர்றேன்.”

“அந்த ஆளுக்கு நேரங்காலம் தெரியாதுங்களா? வருசத்துக்கு ஒரு நாள் இது.”

அந்த ஆள் பெயர் டேல். எழுபத்தைந்து வயது, தனிக்கட்டை, முழங்கால் இரண்டும் போனவர். நாலரை மணிக்கு வந்து, தோட்டாவைக் கழற்றிக் காட்டிவிட்டு, காரில் உட்கார்ந்தபடியே வில்லையை ஜன்னல் வழியாக நீட்டியிருக்கிறார். கேபினுக்கு மூன்று படி ஏற வேண்டும். அவருக்காக இவர் இப்படி வாங்கி மாட்டியது அதற்கு முன்னாலும் இரண்டு மூன்று தடவை உண்டாம். அன்றைக்கு நான் ஐந்தாவது தடவை போன் பண்ணிக்கொண்டிருந்தேன். கேபினைப் பூட்டியாகிவிட்டது. காலையில் வந்து முதல் வேலையாக மாட்டிக்கொள்ளலாம் என்று வில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ரிஜிஸ்டரிலும் எழுதவில்லை.

வந்தவர் குளிக்கப் போனதும் சட்டையைத் துவைக்கப் போட எடுத்தேன். பையில் பேனா, கண்ணாடி, பித்தளை வில்லை. வேலை சாமான்தானே, சாவிக்கொத்தோடு அதையும் தட்டில் வைத்து, கழுவி, சந்தனம் குங்குமம் இட்டேன். அரிவாள்மனை, கத்தரிக்கோல், மிக்ஸி ஜார், என் போன் என்று எல்லாமே அங்கேதான் இருந்தன. வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் எடுக்கக் கூடாது. அவர் அதிகாலையில் போக வேண்டுமே என்று சாவிக்கு மட்டும் விலக்கு கொடுத்தேன்.

“சாவிய மட்டும் எடுத்துக்கோங்க. மத்ததத் தொட்டறாதீங்க.”

“செரி” என்றார். சுண்டலைக்கூடச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

சனிக்கிழமை எட்டு மணிக்குத் தட்டில் இருந்த என் போன் அடித்தது. நான் இன்னும் குளிக்கவில்லை. குளிக்காமல் பூஜை சாமானைத் தொடுவதா? அது பாட்டுக்கு நடுங்கி நடுங்கிப் பூவெல்லாம் உதிர்த்துக்கொண்டிருந்தது. யாராவது விஜயதசமி வாழ்த்து சொல்வார்கள், சொல்லட்டும் என்று குளிக்கப் போனேன். என் விரலுக்குக் குளியல் என்பது முக்கால் மணி நேர வேலை. குளித்துவிட்டு வந்தாவது எடுத்தேனா? மறுபூஜை முடியவில்லையே! பொங்கல் வைத்து, வடை தட்டி, கற்பூரம் காட்டி, தட்டை வடக்கே நகர்த்திவிட்டுப் போனைக் கையில் எடுக்கும்போது மணி பத்தேகால். அவரிடமிருந்து பதினோரு அழைப்பு. கஸ்தூரிரங்கனிடமிருந்து மூன்று.

துப்பாக்கியும் கையுமாக ஆட்கள் நடமாடுகிற இடம். அவரைக் கூப்பிடப் போய், மடங்காத விரல் கஸ்தூரிரங்கன் பெயர் மேல் பட்டுவிட்டது. அவர் எங்கள் சங்கத்துப் பொருளாளர், சென்னைக்காரர். அன்றைக்கு நாலு குடும்பம் சேர்ந்து பக்கி ஓட்ட அங்கே போயிருந்தார்கள்.

“ஆன்ட்டி, கொஞ்சம் அங்கிள்ட்ட சொல்லுங்கோளேன்! ரெண்டு மணி நேரமா கேட்டை ஓப்பனே பண்ணல. கிட்ஸ் எல்லாம் கார்ல அழறதுகள். ஏதோ ஒரு டேக் மிஸ்ஸிங்காம். நம்ம மனுஷா கேட்ல இருக்காரேன்னு நம்பி வந்தா, நமக்கே ரூல்ஸ் பேசறார்!”

உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தது. போனை வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

“வள்ளி, தட்டுல பித்தளை வில்ல ஒண்ணு இருக்குதா பாரு.”

“இருக்குதுங்க. பொட்டு வெச்சிருக்கறேன்.”

“என்ன நம்பரு?”

“ஒம்பது.”

பின்னால் நூறு வண்டிகளின் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. “செரி, வெச்சுரு” என்றார்.

அங்கே நடந்ததை அவரும் மற்றவர்களும் சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன். காலையில் பலகையைப் பார்த்திருக்கிறார், ஒன்பதாம் ஆணி காலி. டேல் வில்லையை நீட்டியது ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது நேற்றா, போன புதனா? அதே கேட், அதே கிழவர், அதே ஜன்னல், அதே கை. ஐந்து வருடமாக ஒரே மாதிரி நாட்கள். எவ்வளவு யோசித்தும் நேற்று என்று சத்தியம் பண்ண முடியவில்லை. சட்டைப் பையில் போட்டு வந்திருந்தால் வீட்டுத் தட்டில் பூவுக்கடியில் கிடக்கும் என்றுதான் எனக்குப் போன் மேல் போன். கேபின் கேமரா ஒரு மாதமாகவே படுத்துக் கிடந்தது. டேல் போனை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எனவே கேட்டைத் திறக்கவில்லை, ஓனருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். மூன்று பேர் ஆரஞ்சு சட்டை போட்டுக்கொண்டு, டேலைத் தேடிக் காட்டுக்குள் போனார்கள்.

கஸ்தூரிரங்கன் கேபினுக்கே ஏறி வந்திருக்கிறார். டிராயரில் உதிரி வில்லைகள் இருப்பதைப் பார்த்துவிட்டார்.

“அங்கிள், அதுல ஒண்ணை மாட்டிட்டு ஓப்பன் பண்ணுங்கோ. யாருக்குத் தெரியப்போறது?”

“உள்ள ஒரு ஆள் துப்பாக்கியோட இருந்தான்னா?”

“அவர் வெளில போனதா ஞாபகம்னு நீங்கதானே சொன்னேள்?”

“ஞாபகம்னுதான் தம்பி சொன்னேன். பார்த்தேன்னு சொல்லலீங்களே.”

கூட்டத்தில் யாரோ இவரைப் பார்த்து ஊருக்குத் திரும்பிப் போ என்று கத்தியிருக்கிறார்கள். இவர் கேட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஒன்பதரைக்கு கிளின்ட் வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டேலின் கையிலிருந்து வாங்குவது வழக்கம்தான், தப்பு தன்னுடையது, கடைசியாக வாங்கியது நேற்றா என்று தெரியவில்லை என்றாராம். என்னிடம் பேசி முடித்ததும் நேராகப் போய், வில்லை வீட்டில் சாமி தட்டில் இருக்கிறது என்றும் சொன்னார். தேடப் போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பத்தரைக்குக் கேட் திறந்தது. நடந்ததை எழுதிக் கொடு, திங்கட்கிழமை பேசுவோம் என்று சொல்லிவிட்டு கிளின்ட் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல ஒரு ஷூவோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“எதுக்குங்க அந்தக் கெழவன் நீட்டுனா நீங்க வாங்கோணும்? அவன் கையால மாட்டுனாத் தேஞ்சு போயிருவானா?”

“மூணு படி ஏறோணும் புள்ள. அவனுக்கு முட்டி போச்சு. எனக்குந்தான் போச்சு, அந்த வலி எனக்குத் தெரியாதா?”

நீ போனை எடுத்திருக்கலாமே என்று ஒரு வார்த்தை சொல்வார், சண்டை போடலாம், கொஞ்சம் பாரம் குறையும் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. வடையைக் கொடுத்தேன், பாதியைத் தின்றுவிட்டுப் படுத்தார்.

அந்த இரண்டு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பதினெட்டு சுற்று சுற்றினேன். வேலை போய்விடக் கூடாது, முருகா. இந்த ஒரு தடவை காப்பாற்று. பிரிட்ஜைத் திறந்து மிச்சம் எத்தனை ஊசி என்று பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது. உண்மையைச் சொன்னால் என்ன, அவருக்காக நான் வேண்டிக்கொள்ளவே இல்லை. என் விரல்களுக்காகத்தான் வேண்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை லீவு நாள், வண்டிகள் வருகிற நாள். ஆறரைக்குத் திரும்பி வந்தார். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

“வேலை இருக்குது புள்ள.”

“நெசமாலுங்களா!”

“டேலுக்கு இந்த வருசம் பூரா உள்ள வரக் கூடாதுன்னுட்டாங்க. கிளின்ட் என்னையக் கொஞ்சம் திட்டுனாரு. அப்புறம், நூறு பேர் கத்தியும் கேட்டத் தொறக்காத ஆளு எனக்கு வேற கெடைக்க மாட்டான்னாரு. நீ விரும்புற வரைக்கும் இந்த வேலை உனக்குத்தான்னு கையக் குடுத்தாரு.”

“அப்பனே முருகா!” என்று சாமி அறைக்கு ஓடினேன். கற்பூரம் ஏற்றி, விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நாற்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர் அப்பா செத்தபோதுகூட வெளியே போய் நின்றுகொண்டார். சந்தோஷத்தில்தான் அழுகிறார் என்று நினைத்தேன்.

“அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களே. அப்புறம் எதுக்கு?”

முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அனுப்பிருவாருன்னு நெனச்சேன் வள்ளி. நான் எழுதுனதப் பத்து நிமிசம் படிச்சுட்டு இருந்தாரு. செரி, அனுப்பிருவாரு, வூட்டுக்குப் போய்ப் படுத்துக்கலாம்னு நெனச்சேன். அந்தப் பத்து நிமிசம் ஒடம்பே லேசா இருந்துச்சு.”

நான் தட்டோடு நின்றேன்.

“நானா உட்டுட்டு வந்தா உனக்குப் பண்ற துரோகம். அவரா அனுப்பிட்டா என்ற தப்பு இல்லையில்ல?” என்று என்னையே கேட்டார். பதில் வேண்டும் என்பதுபோல முகத்தைப் பார்த்தார்.

விட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். ஊசியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நாளைக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்து படுங்கள் என்று சொல்ல வேண்டும். அன்று காலையிலிருந்து வலது கை மடங்கவே இல்லை. விபூதித் தட்டை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தித்தான் பிடித்திருந்தேன். அவரும் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

“சாப்பாடு போடட்டுங்களா?” என்றேன்.

“போடு” என்றார். இன்னொரு ஷூவையும் தானே கழற்றிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு வார விடுமுறை, மத்தியானம் வரை தூங்கினார். புதன்கிழமை அதிகாலை தயிர்சாதம் கட்டிக் கொடுத்து, வேட்டை நாள் வரும் வரை தட்டிலேயே கிடந்த வில்லையைத் துடைத்துச் சட்டைப் பையில் நானே போட்டேன். மாட்ட மறந்துவிடாதீர்கள் என்றேன். ஐந்து மணிக்குக் கார் கிளம்பிப் போனது. சங்கத்து மலருக்குக் கொடுத்த பக்கத்தை, ‘இந்த வயதிலும் தம் பணியை விரும்பிச் செய்து வருகிறார்’ என்று முடித்திருக்கிறேன்.